பாக்கெட்டில் எது, பையில் எது: மல்டிடூல் வாங்கப் போகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி இது: "தஞ்சாவூரில் வேலை, பைக்கில்தான் போக்குவரத்து. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை மலையேறப் போவேன். தினமும் கூடவே வைத்துக்கொள்ளவும், புயலிலோ காட்டிலோ மாட்டிக்கொண்டால் உயிர் பிழைக்கவும் ஒரே மல்டிடூல் வாங்க வேண்டும். லெதர்மேன் வேவ் பிளஸா, விக்டோரினாக்ஸ் ஸ்விஸ்டூல் ஸ்பிரிட்டா? இல்லை, ஐந்நூறு ரூபாய்க்கு வருகிற 'ஒன்பது இன் ஒன்' போதுமா?"

தம்பி, கத்தி, குறடு, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒன்றுக்குள் மடங்கி இருக்கிற கருவிதான் மல்டிடூல். உங்கள் கேள்வியில் 'ஒரே' என்கிற சொல்லை எடுத்துவிட்டால் பதில் சுலபம். தினமும் கூட வர வேண்டிய கருவி லேசாக இருக்க வேண்டும். கனமாக இருந்தால் மூன்றாவது வாரமே மேஜை டிராயருக்குப் போய்விடும், அப்புறம் தேவைப்படுகிற அன்றைக்கு அது வீட்டில் இருக்கும். உயிர் காக்க வேண்டிய கருவியோ முரட்டு வேலைக்கு ஈடுகொடுக்க வேண்டும். மடங்குகிற எந்தக் கருவியும் அந்த அளவுக்கு முரடு கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக் கட்டப் பார்க்கிறவர்கள்தான் கடைசியில் கால் கிலோவுக்கு மேல் கனக்கிற இரும்பை வாங்கி அலமாரியில் வைக்கிறார்கள்.

நான் நாகை, திருவாரூர், தஞ்சைப் பக்கம் பதினாறு வருஷமாக ஜெனரேட்டர் சர்வீஸ் பார்க்கிறவன். இடுப்பில் ஏதாவது ஒன்று மாட்டாமல் வேலைக்குக் கிளம்பியதில்லை. இதுவரை நான்கு வாங்கியிருக்கிறேன். ஒன்றை உடைத்தேன், ஒன்றை விமான நிலையத்தில் பறிகொடுத்தேன். இரண்டுமே என் தப்புதான். பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மல்டிடூல் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் இதில் இரண்டு குலம் இருக்கிறது. ஒன்று கத்தி வழி வந்தது. சுவிட்சர்லாந்தில் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்செனர் என்பவர் 1884-ல் பட்டறை போட்டு, 1891-ல் அந்நாட்டுப் படைக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். 1897-ல் வந்த அவருடைய 'அதிகாரிகள் கத்தி'யின் வாரிசுதான் இன்றைய விக்டோரினாக்ஸ் சிவப்புக் கத்தி. இதில் கத்திதான் முதலாளி, மற்றதெல்லாம் கூட வந்த சொந்தக்காரர்கள். இன்னொன்று குறடு வழி வந்தது. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்துக்காரர் டிம் லெதர்மேன் 1975-ல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் வழியெல்லாம் மக்கர் பண்ண, தங்கின விடுதிகளில் குழாய் ஒழுக, கையில் இருந்ததோ சாரணர் கத்தி ஒன்றுதான். 'இதில் ஒரு குறடும் இருந்தால்!' என்று அன்றைக்கு நினைத்தவர், வருஷக்கணக்கில் வரைந்து, அராவி, 1980-ல் காப்புரிமை வாங்கி, 1983-ல்தான் முதல் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இந்தக் குலத்தில் குறடுதான் முதலாளி. நீங்கள் கேட்ட வேவ், ஸ்பிரிட் இரண்டும் இந்தக் குலம்தான்.

நீங்கள் எந்தக் குலத்து ஆள் என்பதைத் தெரிந்துகொள்ள விளம்பரம் பார்க்க வேண்டாம். இரண்டு வாரம் போன் நோட்டில் எழுதி வையுங்கள்: இன்றைக்குக் கை எதைத் தேடியது? பார்சல் பிரிக்க, பால் கவர் வெட்ட, நகத்தில் ஏறின சிலாம்பை எடுக்க, சட்டையில் தொங்குகிற நூலை நறுக்க என்று வந்தால் கத்தரிக்கோலும் இடுக்கியும் உள்ள கத்திக் குலம் போதும். கிளட்ச் ஒயர் நுனி சிக்கிக்கொண்டது, கேட் தாழ்ப்பாள் கம்பி வளைந்துவிட்டது, ஃபேன் ரெகுலேட்டர் ஸ்க்ரூ லூஸ் என்று வந்தால் குறடு வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு முதல் பட்டியல்தான் நீளும். ஆனால் அவர்கள் வாங்குவது இரண்டாவது குலத்தை. குறடு வெளியே பாய்ந்து வருகிற அழகு அப்படி.

இனி பாகம் பாகமாக. எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை, ஏமாறுகிற இடங்களை மட்டும்.

குறடு. மல்டிடூல் குறடு முழுக் கட்டிங் பிளேயர் ஆகிவிடாது. கைப்பிடிக்குள் மற்ற கருவிகள் மடங்கி இருப்பதால் உள்ளே பெரும்பாலும் காற்றுதான். டபாரியா கம்பெனி பிளேயரில் போடுகிற அமுக்கத்தை இதில் போட்டால் கை வலிக்கும், அல்லது கருவி கோணிக்கொள்ளும். கடையில் கேட்டு வாங்கி, குறட்டின் மூக்கை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நுனி சரியாகச் சேர வேண்டும், ஒரு முடியைப் பிடித்து இழுத்தால் நழுவக் கூடாது. கீலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கம்பி வெட்டுகிற பல்லை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். வேவ் பிளஸில் முடியும், பழைய வேவில் முடியாது. நான் உடைத்தது இந்த இடத்தில்தான். கட்டுக்கம்பி, காப்பர் ஒயர் எல்லாம் வெண்ணெய் மாதிரி வெட்டிய தைரியத்தில் ஒரு ஸ்பிரிங் கம்பியை வெட்டினேன். பல்லில் பிறை மாதிரி ஒரு துண்டு போனது. ஸ்பிரிங் கம்பி குறட்டுப் பல்லைவிடக் கெட்டியானது, அதை வெட்ட வேறு கட்டர் இருக்கிறது.

நட்டுகளையும் இதால் திருகாதீர்கள். 10 நம்பர் ஸ்பானர் செய்கிற வேலையைக் குறடு செய்யும், ஆனால் நட்டின் முனை உருண்டுபோகும். அடுத்த தடவை ஸ்பானரும் பிடிக்காது. பைக் சீட்டுக்கு அடியில் கம்பெனி கொடுத்த டூல்கிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மல்டிடூலை நம்புகிறவர்களை ரோட்டோரம் நிறையப் பார்த்துவிட்டேன்.

கத்தி. இதில் எஃகின் பெயரைச் சொல்லி மயக்குவார்கள். லெதர்மேனின் பெரும்பாலான கருவிகளில் இருப்பது 420எச்சி, விக்டோரினாக்ஸில் இருப்பதும் ஏறக்குறைய அதே தரத்து எவர்சில்வர் வகை. இரண்டும் நடுத்தரக் கெட்டி. சீக்கிரம் மழுங்கும், ஆனால் ஐந்து நிமிஷத்தில் கூர் திரும்பி வரும். விலை கூடின சில மாடல்களில் 154சிஎம், எஸ்30வி என்று வருகிற எஃகு மாதக்கணக்கில் கூர் நிற்கும். அது மழுங்கினால் சாதாரணக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கைதான் ஓயும். வீட்டிலிருந்து தூரத்தில், கையில் கிடைத்த கல்லில் தீட்ட வேண்டிய நிலைமையை நினைத்தால் நான் முதல் வகையைத்தான் எடுப்பேன். பல் வைத்த கத்தி நைலான் கயிற்றுக்கும் சீட் பெல்ட்டுக்கும் அருமை. ஆனால் அதைத் தட்டைக் கல்லில் தீட்ட முடியாது.

ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். சைக்கிளில் சக்கரம் வைத்துச் சாணை பிடிக்க வருபவரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். தப்பு அவர் மேல் இல்லை. இந்த மெல்லிய தகடு அந்தச் சக்கரத்தில் நொடியில் சூடேறிவிடும். விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போனது என்று அர்த்தம், அப்புறம் அந்தக் கத்தி கூர் நிற்காது. வீட்டில் கல் இல்லாவிட்டால் பீங்கான் காபிக் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு இல்லாத சொரசொர வளையத்தில் இழுங்கள். ரொம்ப மழுங்காத கத்திக்கு அதுவே போதும்.

பூட்டு. சிவப்புக் கத்திகளில் பெரும்பாலானவற்றில் அலகு ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் நிற்கும், பூட்டு கிடையாது. குத்தித் துளைக்கிற மாதிரி தள்ளினால் மடங்கி விரலுக்கு வரும். வேவ், ஸ்பிரிட் இரண்டிலும் கத்தி பூட்டிக்கொள்ளும். பழக்கம் இல்லாதவர் பூட்டு உள்ளதை வாங்குவது நல்லது. ஆனால் லண்டனில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குப் பரிசாக வாங்கிப் போகாதீர்கள். அங்கே 1988-ஆம் வருஷச் சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளத் தக்கது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்திதான்.

நம் ஊரில் ஆயுத விதிகள் உரிமம் கேட்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைப் பற்றி. மல்டிடூல் கத்தி 3 அங்குலத்தைத் தொடுவதே அபூர்வம். அதற்காக கோர்ட் வாசலிலும் கட்சிக் கூட்டத்திலும் இடுப்பில் கத்தியோடு நின்றால் போலீஸ்காரர் சும்மா விடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது, செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். நான் பெல்ட்டிலேயே மாட்டிக்கொண்டு பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றேன். பெட்டி அதற்கு முன்பே உள்ளே போய்விட்டது. கண்ணாடித் தொட்டியில் ஒரு குவியல் நகவெட்டிகளுக்கு நடுவே அதை விட்டுவிட்டு வந்த துக்கம் இன்னும் ஆறவில்லை.

மின்சாரம் பற்றி ஒரே வார்த்தை: தொடாதீர்கள். முழு உடம்பும் இரும்பு, கைப்பிடியில் காப்பு உறை கிடையாது. மெயின் ஸ்விட்சை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் ஸ்விட்ச் போர்டுக்குள் போகலாம். 12 வோல்ட் பேட்டரியும் சாது கிடையாது. இரண்டு டெர்மினலுக்கும் நடுவே கருவி குறுக்கே விழுந்தால் வெல்டிங் அடித்த மாதிரி பொறி பறக்கும். என் குறட்டு மூக்கில் ஒரு கருகல் குழி இருக்கிறது, அப்படி வந்ததுதான்.

இப்போது உயிர் காக்கிற பேச்சுக்கு வருவோம். இணையத்தில் 'சர்வைவல்' என்றால் ஊசியிலைக் காடு, பனி, கரடி. நம் டெல்டாக்காரனுக்கு அது புயலுக்கு அடுத்த நாள். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. தென்னந்தோப்புகள் தோப்போடு சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது. அன்று ஒரு சின்ன மருத்துவமனை ஜெனரேட்டர் ஓடாமல் நின்று, என்னைக் கூப்பிட்டார்கள். வழியில் மரம் மேல் மரம். பைக்கையும் டூல் பாக்ஸையும் ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு, கடைசி மூன்று கிலோமீட்டரை நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது என்னிடம் இருந்தது இடுப்பில் மாட்டியிருந்தது மட்டும்தான்.

டீசலில் தண்ணீர் கலந்து, லைனில் ஏர் பிடித்திருந்தது. மைனஸ் ஸ்க்ரூடிரைவரால் ஹோஸ் கிளிப்பைக் கழற்றி, லைனைத் துடைத்து, ஃபில்டரில் தண்ணீரை வடித்து, ஏர் எடுக்கிற ஸ்க்ரூவைத் துணி சுற்றிக் குறட்டால் பிடித்துத் திருகினேன். கொஞ்சம் முன்னால் நட்டைக் குறட்டால் திருகாதே என்று சொன்னவன் நான்தான். அந்த ஸ்க்ரூவின் தலை உருண்டது, அடுத்த வாரம் புதிது போட்டேன். ஆனால் ஓடியது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். ஹோஸ் கிளிப்பைப் புல்லால் கழற்ற முடியாது.

அதே நாளில் அந்தக் கருவி எங்கே தோற்றது என்பதையும் சொன்னால்தான் நியாயம். அதன் ரம்பம் விரல் நீளத்தை விடக் கொஞ்சம்தான் அதிகம். மணிக்கட்டுப் பருமன் வரை கிளையை அறுக்கும். தென்னையிடம் அது செல்லாது, நாரில் பல் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. பாதையைத் திறந்தவர்கள் அரிவாளோடும் செயின் ரம்பத்தோடும் வந்த ஊர்க்காரர்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றவும் அந்த ஊர் மெக்கானிக்கிடம் ஸ்பானர் கடன் வாங்கித்தான் ஆனது. அன்றைக்கு அந்தக் கருவி உதவியதற்குக் காரணம் அதன் பலம் இல்லை. டூல் பாக்ஸ் வர முடியாத இடத்துக்கு அது என்னோடு வந்தது, அவ்வளவுதான். அதனால்தான் எடையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

காட்டுக் கதைக்கு ஆரன் ரால்ஸ்டனைச் சொல்வார்கள். 2003 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து புளூஜான் பள்ளத்தாக்கில் ஒரு பாறாங்கல் அவர் வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. கையில் இருந்தது மலிவான மல்டிடூல். அந்தக் கத்தியால் பாறையைச் சுரண்டிப் பார்த்ததில் இருந்த கூரும் போயிற்று. எலும்பை அதனால் அறுக்க முடியவில்லை. உடம்பின் எடையைப் போட்டு எலும்பை முறித்து, சதையைக் கத்தியால் அறுத்து, தசைநார்களைக் குறட்டால் அறுத்து மே 1-ஆம் தேதிதான் வெளியே வந்தார். இதைக் கேட்டவர்கள் 'அப்போ நல்ல மல்டிடூல் வாங்கணும்' என்பார்கள். எனக்குப் பட்டது வேறு. எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரைக் காணோம் என்று சீக்கிரமே தேடத் தொடங்கியிருப்பார்கள். நீங்கள் மலைக்குப் போகும்போது வீட்டில் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அதற்குச் செலவும் இல்லை, எடையும் இல்லை.

லெதர்மேனில் சிக்னல் என்று 212 கிராமில் ஒரு மாடல் வருகிறது. விசில், தீப்பொறிக் குச்சி, சுத்தியல் முகம், தீட்டுகிற பட்டை எல்லாம் அதிலேயே. உங்களை அது இழுக்கும் என்று தெரியும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவதே குற்றம். மழை நாளில் மூட்ட நினைத்தாலும் விறகெல்லாம் ஊறிக் கிடக்கும். அங்கே உபயோகப்படுவது விசில், அது தனியாகவே மலிவாகக் கிடைக்கிறது. பை வாரில் கட்டிவிடுங்கள். நிஜமான காட்டு வேலைக்கு மடங்காத சின்னக் கத்தி ஒன்றும், தோட்டக் கடையில் கிடைக்கிற மடக்கு ரம்பம் ஒன்றும் எந்த மல்டிடூலையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வனத்துறை அனுமதியோடு போகிற பாதையில் அவை வைத்திருக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். செடி கொடியை வெட்ட அங்கே அனுமதி இல்லை.

ஐந்நூறு ரூபாய்க் கருவியைப் பற்றி: ரால்ஸ்டன் கதைக்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். சீனாவிலிருந்து ராக்சன், நெக்ஸ்டூல் என்று வருகிறவற்றில் நல்லவை இருக்கின்றன, பணம் குறைவென்றால் தயங்காமல் அவற்றைப் பாருங்கள். நான் சொல்வது ரோட்டு சிக்னலில் விற்கிற, கறுப்புப் பெயிண்ட் அடித்த, பெயர் இல்லாத சரக்கை. மூக்கு வார்ப்பில் வந்தது, முறுக்கினால் பிஸ்கெட் மாதிரி உடையும். மடங்குகிற எல்லா அலகும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கொத்தாக வெளியே வரும். பழம் நறுக்க ஆகும்.

சரி, உங்களுக்கு எது? வேவ் பிளஸ் 241 கிராம், ஸ்பிரிட் 200 கிராமுக்குச் சற்று மேல். இரண்டுமே பெல்ட்டில் உறை போட்டு மாட்டினால்தான் சரி, பேன்ட் பாக்கெட்டில் போட்டால் தையல் பிரியும். லெதர்மேனில் சர்ஜ் என்கிற, 300 கிராமுக்கு மேல் கனக்கிற தடியனை மறந்துவிடுங்கள், அது எங்களைப் போன்ற ஆட்களுக்கு. வேவில் கத்தியை ஒரு கையாலேயே திறக்கலாம், ஸ்க்ரூடிரைவர் முனைகளை மாற்றலாம், லூஸானால் நாமே முறுக்கிக்கொள்ளலாம், 25 வருஷ உத்தரவாதம். ஸ்பிரிட்டில் குறட்டை விரிக்காமலே எல்லாக் கருவியையும் வெளியிலிருந்து திறக்கலாம், எல்லாம் பூட்டிக்கொள்ளும், கைப்பிடி விளிம்பு உள்ளங்கையை அறுக்காது, மெருகு நன்றாக இருப்பதால் துரு சீக்கிரம் பிடிக்காது. லூஸானால் நாமாகக் கழற்ற முடியாது என்பதுதான் குறை. கடலோரக் காற்றில் இரண்டையும் வைத்திருந்த அனுபவத்தில் என் ஓட்டு ஸ்பிரிட்டுக்கு. கம்பி வெட்டுகிற வேலை அதிகம் என்றால் மட்டும் வேவ்.

ஆனால் நீங்கள் ஆபீசுக்கு இன் பண்ணிக்கொண்டு போகிறவர், பெல்ட்டில் உறை மாட்டக் கூச்சப்படுவீர்கள் என்றால் (வெட்கப்பட ஒன்றும் இல்லை, நிறையப் பேர் அப்படித்தான்), ஏமாற்றிக்கொள்ளாமல் பாக்கெட்டுக்கு விக்டோரினாக்ஸ் சிவப்புக் கத்திகளில் ஹன்ட்ஸ்மேன் என்கிற ஒன்றை வாங்குங்கள். 100 கிராம்கூட வராது. கத்தி, கத்தரிக்கோல், ரம்பம், டின் ஓப்பனர், இடுக்கி எல்லாம் உண்டு. பாக்கெட்டில் இருப்பதையே மறந்துவிடுவீர்கள். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல கட்டிங் பிளேயரும் 8, 10, 12 நம்பர் ஸ்பானரும் வாங்கி பைக் சீட்டுக்கு அடியில் போடுங்கள். மலைக்கு மடக்கு ரம்பமும் விசிலும். எனக்குத் தெரிந்து உங்கள் கேள்விக்கு இதுதான் சரியான பதில், நீங்கள் எதிர்பார்த்தது இது இல்லை என்றாலும்.

வாங்கின பிறகு: மழையில் நனைந்தாலோ உப்புக் காற்றில் கிடந்தாலோ நல்ல தண்ணீரில் கழுவி, எல்லா அலகையும் திறந்து வெயிலில் காய வைத்து, கீலுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆகப் பிசுக்காகி, தூசியைப் பிடித்து, நகம் உடைகிற அளவுக்கு இறுகிவிடும். உறை தோலாக இருந்தால் ஈரத்தோடு கருவியை அதற்குள் திணிக்காதீர்கள், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.